வீசும் கை தோற்றது, சுட்டும் கை தோற்கவில்லை

வீடியோ கேம் உலகில் ஒரு தீர்ப்பு பத்தாண்டுக்கு மேலாக மேல்முறையீடே இல்லாமல் நிற்கிறது. கையை ஆட்டி விளையாடும் கேம்கள் ஒரு காலத்து மோகம். வந்தன, விற்றன, ஓய்ந்தன என்பதுதான் அது. தீர்ப்புச் சொல்பவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2006 நவம்பரில் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' கருவியை வெளியிட்டது. டிவி ரிமோட்டைப் போன்ற ஒன்றை வீசி டென்னிஸும் பௌலிங்கும் ஆடலாம் என்றதும் முதியோர் இல்லங்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. 2010-ல் சோனி 'மூவ்' என்ற ஒளிரும் பந்து வைத்த கோலையும், மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' என்ற கேமராவையும் களத்தில் இறக்கின. கினெக்டுக்கு ரிமோட்கூட வேண்டாம், ஆடுபவரின் உடம்பே போதும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்ற அந்தக் கருவியின் உற்பத்தி 2017-ல் நின்றுபோனது. ஆனால் இது இரண்டு வேறு வேறு வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி முடித்துவைத்த தீர்ப்பு. கையை வீசுவது ஒரு வழக்கு. கையால் சுட்டிக்காட்டுவது இன்னொரு வழக்கு. முதலாவது தோற்றது நியாயம். இரண்டாவது தோற்கவே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்று கோடிக்கணக்கான கைகளில் இருக்கிறது. அதற்குத் தெளிவான சாட்சி, 2007 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 'மெட்ராய்டு பிரைம் 3: கரப்ஷன்' என்ற விண்வெளிச் சண்டை கேம்.

மெட்ராய்டு தொடரின் நாயகி சாமஸ் ஆரன், சன்மானத்துக்காக விண்வெளிக் குற்றவாளிகளை வேட்டையாடுபவள். உடல் முழுக்கக் கவசம்; வலக்கையை முழுதாக மூடிய பீரங்கி. 1986-ல் ஜப்பானில் பக்கவாட்டில் ஓடும் கேமாகத் தொடங்கிய இந்தத் தொடரை, டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் ரெட்ரோ ஸ்டுடியோஸ் 2002-ல் முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தது. சாமஸின் தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்க்கும்படி கேம் அமைந்தது. அருகே ஏதாவது வெடித்தால் அந்த வெளிச்சத்தில் அவள் முகமே கண்ணாடியில் ஒரு கணம் தெரியும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தில் ஒரு குறை அமுங்கிப்போனது. நடப்பதும் திரும்புவதும் ஒரே ஸ்டிக்கில். மேலே பார்க்க வேண்டுமென்றால் நடையை நிறுத்தி, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே ஸ்டிக்கால் பார்வையை உயர்த்த வேண்டும். சண்டைக்கு இன்னொரு பட்டன். அழுத்தினால் பார்வை தானாக எதிரிமேல் ஒட்டிக்கொள்ளும். நடந்துகொண்டே குறிபார்க்கும் வேலையை ஆடுபவரிடமிருந்து வாங்கி கேமே செய்துகொடுத்தது. 2004-ல் வந்த இரண்டாம் பாகமும் அப்படியே. தயாரிப்பாளர்கள் இதைச் 'சுடும் கேம்' என்று சொல்லாமல் 'சாகச கேம்' என்றே சொல்லிவந்ததில் ஒரு நேர்மை இருந்தது. சுடுவதில் ஆடுபவருக்கு அவ்வளவாக வேலை இல்லை.

மூன்றாம் பாகம் 'வீ' கருவிக்காகவே எழுதப்பட்டது. இடது கையில் 'நன்சக்' என்ற சிறு துண்டு. அதன் ஸ்டிக்கால் நடை. வலது கையில் ரிமோட். அது எங்கே நோக்குகிறதோ அங்கே பீரங்கியின் குறி. பின்னாலிருக்கும் பொறியியல் எளிமையானது. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டைக்குச் 'சென்சார் பார்' என்று நிறுவனமே பெயர் வைத்தது. அதில் சென்சார் எதுவும் கிடையாது, இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. பார்க்கும் கண், ரிமோட்டின் நுனியில் உள்ள கேமரா. இரண்டு ஒளித்திரள்களும் அதன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ரிமோட் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கணக்கிடப்படுகிறது. (பட்டை பழுதானவர்கள் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து ஆடியதும் உண்டு, கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது.) குறி திரையின் நடுப்பகுதியில் உலவும்வரை பார்வை அசையாது, விளிம்பை நெருங்கும்போதுதான் சாமஸ் அந்தப் பக்கம் திரும்புவாள். இதற்கு மூன்று நிலைகள் வைத்தார்கள். புதியவர்களுக்கான நிலையில் அந்த நடுப்பகுதி அகலம். தேர்ந்தவர்களுக்கான நிலையில் அது மிகக் குறுகி, மணிக்கட்டை லேசாகச் சாய்த்தாலே உடம்பு திரும்பும். இன்னொரு வசதி இதைவிடப் புத்திசாலித்தனமானது: பட்டனை அழுத்தினால் பார்வை எதிரியைத் தொடரும், குறியோ ஆடுபவரின் கையிலேயே இருக்கும். எதிரியைச் சுற்றி நடந்துகொண்டே அவன் உடம்பில் எந்த இடத்தில் சுடுவது என்று தேர்ந்து சுடலாம். முதல் இரண்டு பாகங்களில் பறிபோயிருந்த வேலை ஆடுபவரிடம் திரும்பி வந்தது இப்படித்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு விடை வீடியோ கேமுக்கு வெளியே கிடைக்கிறது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் கார்ட், வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும், திரையில் உள்ள சொற்களைத் தேர்ந்தெடுக்க எந்தக் கருவி சிறந்தது என்று அளந்து 1978-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். போட்டியில் இருந்தவை மவுஸ், ஜாய்ஸ்டிக், இரண்டு வகை விசைகள். வேகத்திலும் பிழை குறைவதிலும் மவுஸ் முன்னே வந்தது. கை ஓர் இலக்கை எட்ட ஆகும் நேரம் இலக்கின் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் ஒரு விதி வகுத்திருந்தார். மவுஸின் வேகம், அந்த விதிப்படி மனிதக் கைக்கு இயன்ற வேகத்துக்கு மிக அருகே இருந்தது. ஜாய்ஸ்டிக் பின்தங்கியதற்குக் காரணம், அது இடத்தைச் சொல்வதில்லை, வேகத்தைச் சொல்கிறது. 'இந்தப் புள்ளிக்குப் போ' என்று அதனிடம் சொல்ல வழியில்லை. 'வலப்பக்கம் போய்க்கொண்டே இரு' என்று சொல்லிவிட்டு, சரியான நேரத்தில் 'நில்' என்றும் சொல்ல வேண்டும். சந்துக்குள் லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் நின்றுகொண்டு 'வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்' என்று கத்துகிற வேலைதான் இது. ஸ்டிக்கால் குறிபார்ப்பவர் தன் கட்டைவிரலுக்கே கிளீனராக இருக்கிறார். அந்தக் கடைசிப் 'போதும்' சற்று முன்னே பின்னே ஆகிவிடும். மவுஸோ ரிமோட்டோ வைத்திருப்பவர் இலக்கை நேராகக் காட்டிவிடுகிறார். மெட்ராய்டில் விளிம்புக்குப் போய்த் திரும்புவது மட்டும் ஸ்டிக்கைப் போலவே வேகக் கணக்கில் நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அளவுக்கு அது மவுஸுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் சண்டையின் பெரும்பகுதி திரையின் நடுவில் நடக்கிறது. அங்கே கை சொல்வது இடத்தை.

கேமின் தொடக்கப் பகுதியில் ஒரு சண்டை வருகிறது. நோரியன் கிரகத்தில் ஆழமான ஒரு சுரங்கக் குழாய்க்குள் சாமஸ் விழுகிறாள். உடன் விழுவது மெட்டா ரிட்லி, உலோகம் பூண்ட பறக்கும் ராட்சதப் பிராணி. நடக்கத் தரை இல்லை. ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. அடி தட்டுவதற்குள் முடிக்க வேண்டும். ரிட்லி விலகும், சுழலும், பாய்ந்து வந்து பிடிக்கும், வாயைத் திறக்கும். அந்தத் திறந்த வாய்தான் இலக்கு. திரையில் உள்ளங்கை அளவுகூட இருக்காது, ஒரு நொடிக்கு மேல் நிற்கவும் நிற்காது. முந்தைய பாகங்களின் முறையில் இதே சண்டை நடந்திருந்தால், பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டுச் சுடு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். இங்கே கண்ணும் மணிக்கட்டும் ஒன்றாக ஓடியாக வேண்டும். அடித்தால் அடித்தவர் அடித்தது, தப்பினால் தப்பியவர் தப்பியது. ஓர் அதிரடி கேமுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது எதிர்த்தரப்பின் சாட்சிகளைப் பார்ப்போம். 'வீ' வெளியான அன்றே கடைக்கு வந்த கேம்களில் யூபிசாஃப்டின் 'ரெட் ஸ்டீல்' ஒன்று. துப்பாக்கியும் உண்டு, வாளும் உண்டு. கையை வீசினால் வாள் வீசும் என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். வீச்சை உணர ரிமோட்டுக்குள் இருந்தது முடுக்கமானி மட்டுமே. கை வேகம் பிடித்ததை அது உணரும், கை எந்தப் பாதையில் எப்படித் திரும்பிப் போனது என்பதை முழுதாக அறியாது. ஆகவே ஆடுபவர் எப்படி வீசினாலும், கேம் அதை முன்பே வரைந்து வைத்த சில வெட்டுகளில் ஒன்றாக மாற்றிக் காட்டியது. நுட்பமாகக் கையைச் சுழற்றுபவருக்கும் சோம்பலாக ஒரு உதறு உதறுபவருக்கும் ஒரே வெட்டு. அப்படியானால் அந்த உதறல் ஒரு பட்டன்தான்; தாமதமாகவும் நிச்சயமில்லாமலும் வேலை செய்யும் பட்டன். கையசைவு கேம்கள் அனைத்தையும் உரசிப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: அந்த அசைவில் தகவல் இருக்கிறதா? சுட்டும் கை ஒவ்வொரு கணமும் இரண்டு எண்களைத் தந்துகொண்டே இருக்கிறது, குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று. வீசும் கை தருவது 'ஆம்' என்ற ஒரே பதில். அதைக் கட்டைவிரல் இன்னும் வேகமாகத் தந்துவிடும்.

கருவி மேம்பட்டால் வாளும் சரியாகிவிடும் என்று அப்போது சொன்னார்கள். 2009-ல் 'மோஷன்பிளஸ்' என்ற இணைப்பில் கைரோஸ்கோப் வந்தது. கையின் சுழற்சி துல்லியமாகத் தெரிந்தது. 2011-ல் வந்த 'செல்டா: ஸ்கைவர்டு ஸ்வார்டு' அதை முழுதாகப் பயன்படுத்தியது. எதிரி எந்தப் பக்கம் தடுக்கிறானோ அதற்கு மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். வெட்டின் திசைக்குப் பொருள் இருந்தது. என் உரைகல்லில் இது தேறுகிறது, பாதியளவாவது. மீதிப் பாதியை எந்த சென்சாராலும் தர முடியாது. திரையில் வாள் எதிரியின் கேடயத்தில் மோதி நிற்கும். கூடத்தில் நிற்பவர் கை காற்றில் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான பிளவை மூளை உடனே கண்டுகொள்கிறது. 2021-ல் இதே கேமை மறுபடி வெளியிட்டபோது வாளை ஸ்டிக்கால் வீசும் வழியையும் நின்டெண்டோவே சேர்த்தது. அறிவியல் புனைவு கேம்கள் கையசைவுக்கு ஏற்ற மண்ணாக அமைந்ததன் காரணம் இங்கே இருக்கிறது. சாமஸின் பீரங்கியிலிருந்து புறப்படுவது ஆற்றல் கதிர். அது தொலைவில் போய் மோதுகிறது. கை எதிலும் முட்டுவதில்லை. கனம் இல்லை, தோளைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பும் இல்லை. கையில் இருக்கும் ரிமோட்டின் எடை, கற்பனைக் கருவியின் எடையோடு சண்டைக்கு வருவதில்லை. போதாக்குறைக்கு சாமஸின் அந்தக் கை முழுதும் பீரங்கிக்குள்தான். ஆடுபவரின் வலக்கையும் அவளுடைய வலக்கையும் ஒன்றாகிவிடுகின்றன. இதே விண்வெளிப் புனைவில் ஒளிவாளைக் கொண்டுவந்து 2012-ல் கினெக்டில் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தார்கள். அங்கே பழைய வாள் நோயே திரும்பி வந்தது.

கினெக்டின் தோல்வியைக் காட்ட ஒரே ஒரு கேம் போதும். 'ஸ்டீல் பட்டாலியன்' என்ற தொடரின் முதல் கேம் 2002-ல் ஏறத்தாழ 40 பட்டன்களும் நெம்புகோல்களும் கால்மிதிகளும் கொண்ட பெரிய பலகையோடு வந்தது. விலை 200 டாலர். ராட்சத நடை இயந்திரத்தின் ஓட்டுநர் அறை அப்படியே மேசைமேல் இறங்கியது போலிருக்கும். 2012-ல் அதே தொடரில் 'ஹெவி ஆர்மர்' வந்தது. கதை 2082-ல், கம்ப்யூட்டர் சில்லுகளையெல்லாம் ஒரு நுண்ணுயிரி தின்றுவிட்ட உலகம், போர்கள் மறுபடி இரும்பும் எண்ணெயுமாக நடக்கின்றன. கற்பனை அருமையானது. ஆனால் பலகை போய்விட்டது. நடப்பதற்கும் சுடுவதற்கும் கன்ட்ரோலர், மற்ற எல்லாவற்றுக்கும் கினெக்டின் முன் காற்றில் கை. சன்னல் தகட்டை மூடக் கையை நீட்டினால் கேமரா அதை வேறெதற்கோ நீட்டியதாக எடுத்துக்கொள்ளும். குண்டு வந்து விழும். பிடிக்க ஒன்றுமில்லாத காற்றில் கை எங்கே இருக்கிறது என்பது ஆடுபவருக்கே நிச்சயமில்லை, கேமராவுக்கு எப்படித் தெரியும்? விமர்சகர்கள் அந்த கேமைத் துவைத்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்குள் கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் 4 விலை 399. ஏழு மாதத்தில், 2014 ஜூனில், கினெக்ட் இல்லாத பெட்டி கடைக்கு வந்துவிட்டது.

மெட்ராய்டுக்கும் என் உரைகல் முழு மதிப்பெண் தராது. எதிரியின் கேடயத்தைப் பிடுங்க, நன்சக்கை முன்னால் எறிவதுபோல் ஆட்டினால் சாமஸின் இடக்கையிலிருந்து மின்கயிறு பாயும். பின்னால் இழுத்தால் கேடயம் கழன்று வரும். கணக்குப் பார்த்தால் இது 'ஆம்' மட்டும் சொல்லும் அசைவு. இருந்தும் அது இனிக்கிறது. சண்டையில் அது எப்போதாவது வருகிறது, கொஞ்சம் பிசகினாலும் கேம் பொறுத்துக்கொள்கிறது, அதற்குள் வலக்கையின் குறி கெடுவதில்லை. நாடகத்துக்கு ஓரிடம் கொடுக்கலாம், அரசாட்சியைக் கொடுக்கக் கூடாது. கதவு நெம்புகோல்கள் அப்படியல்ல: ரிமோட்டை முன்னே தள்ளி, திருகி, பின்னே இழுத்துக் கதவு திறக்கும் வேலை முதல் தடவை வியப்பு, பத்தாவது தடவை சலிப்பு. 2020-ல் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' கேமைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தலையில் விஆர் கண்ணாடி மாட்டி ஆடும் அந்த கேமில், தோளுக்குப் பின்னால் கைவிட்டுத் தோட்டாக் கூட்டை எடுத்துத் துப்பாக்கியில் செருகுவது முழுக்க முழுக்கக் கையசைவு, அற்புதமாகவும் இருக்கிறது. அது என் வாதத்தை மடக்கவில்லை, தாங்குகிறது. அங்கே இரு கைகளும் வெளியில் எங்கே இருக்கின்றன என்பது கணந்தோறும் அளக்கப்படுகிறது. பதற்றத்தில் கூட்டைத் தவறவிட்டால் அது கீழே விழுகிறது. அசைவு முழுக்கத் தகவல். அதற்கு விலையாகக் கண்ணாடி, காலி அறை, கனத்த பணம் எல்லாம் தேவைப்படுகின்றன என்பது வேறு கதை.

இனி, பொதுவாகச் சொல்லப்படும் மறுப்புகள். சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்பது முதலாவது. 'வீ' பத்துக் கோடிக்கு மேல் விற்றது; அதோடு வந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' எட்டுக் கோடியைத் தாண்டியது; மெட்ராய்டு பிரைம் 3 விற்றதோ பத்து லட்சத்துக்குச் சற்று மேல். உண்மைதான். மக்கள் வாங்கியது டென்னிஸ் வீச்சை; மோகம் தீர்ந்ததும் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த எண்கள் வீசும் கையின் கணக்கு. சுட்டும் கையின் கணக்கு வேண்டுமென்றால் 'ஸ்பிளட்டூன்' தொடரைப் பார்க்க வேண்டும். மனிதர்கள் அழிந்துபோன பிற்காலத்தில் கணவாய் மீன்கள் மை பீய்ச்சிப் போரிடும் கேம் அது (இதையும் அறிவியல் புனைவில் சேர்ப்பது என் துணிச்சல்). 2015 முதல் அதன் இயல்பான குறிபார்க்கும் முறையே கைரோஸ்கோப், சுருக்கமாகக் கைரோதான். 2022-ல் வந்த மூன்றாம் பாகம் ஜப்பானில் மட்டும் முதல் மூன்று நாளில் 34.5 லட்சம் விற்றது. அதை வாங்கியவர்களில் பலர் தாங்கள் ஆடுவது 'கையசைவு கேம்' என்று நினைத்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு, கை வலிக்கும் என்பது. கையை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்தால் வலிக்கத்தான் செய்யும். சுட்டுவதற்கு அப்படிப் பிடிக்கத் தேவையில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மணிக்கட்டைச் சில பாகை திருப்பினால் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகலாம். 'வீ' விளம்பரங்களில் குதித்தவர்களைப் பார்த்துப் பழகியதால், எல்லாக் கையசைவும் குதியாட்டம் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. மூன்றாவது மறுப்பு சற்று வலுவானது: ஸ்டிக்கே போதுமே, உலகமே அதில்தானே ஆடுகிறது? ஆடுகிறது, உதவியோடு. ஸ்டிக்கில் ஆடும் சுடும் கேம்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும், குறி எதிரியை நெருங்கும்போது தானாக வேகம் குறையும். சிலவற்றில் எதிரியை நோக்கிச் சற்று இழுபடவும் செய்யும். மவுஸில் ஆடுபவர்களும் கன்ட்ரோலரில் ஆடுபவர்களும் ஒரே களத்தில் மோதும் 'ஃபோர்ட்நைட்', 'கால் ஆஃப் டியூட்டி' போன்ற கேம்களில் இந்த உதவி நியாயமா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. கேம் கொஞ்சம் குறிபார்த்துக் கொடுத்தால்தான் ஒரு கருவி களத்தில் நிற்க முடியும் என்றால், அந்தக் கருவி போதும் என்று சொல்வது எப்படி?

உடல் இயலாமையைச் சுட்டும் மறுப்பை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கை நடுங்குபவர்கள், ஒரு கை மட்டும் உள்ளவர்கள், மணிக்கட்டைத் திருப்ப முடியாதவர்கள் 2007-ன் மெட்ராய்டிலிருந்து முழுதாக வெளியேற்றப்பட்டார்கள். அதில் பட்டனும் ஸ்டிக்கும் மட்டும் வைத்து ஆட வழியே வைக்கவில்லை. மூன்று பாகங்களையும் ஒரே வட்டில் சேர்த்து 2009-ல் வெளியிட்டபோது, பழைய ஸ்டிக் முறையில் ஆடக்கூடிய முதல் இரண்டு பாகங்களிலும் ரிமோட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அது பெருந்தவறு. திருத்தம் 2023 பிப்ரவரியில்தான் வந்தது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்காக முதல் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது நான்கு முறைகளைத் தந்தார்கள்: இரட்டை ஸ்டிக், 2002-ன் பழைய முறை, 'வீ' காலத்துச் சுட்டும் முறை, இரண்டும் கலந்த முறை. இரட்டை ஸ்டிக்கோடு கைரோவையும் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கு எது கைவருமோ அது. கையசைவு ஒரு தேர்வாக இருக்கும்போது யாருக்கும் கேடு செய்வதில்லை, கட்டாயமாக்கியபோதெல்லாம் கெடுத்திருக்கிறது.

ஸ்விட்சில் அகச்சிவப்புப் பட்டை இல்லை, கைரோ மட்டுமே. தன் சுழற்சியை அறியுமே தவிரத் திரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சற்று நேரத்தில் குறி மெல்ல நகர்ந்துவிடும். பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பழைய 'வீ' மேல். ஆனாலும் கைரோதான் பரவியது, ஏனென்றால் டிவி தேவையில்லை, பட்டை தேவையில்லை, கன்ட்ரோலரின் வயிற்றுக்குள் விலை குறைந்த சிறு சில்லாக அடங்கிவிடும். 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்சில் அது இருக்கிறது. சோனியின் கன்ட்ரோலரில் இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கில் இருக்கிறது. 2025 டிசம்பரில் வந்த 'மெட்ராய்டு பிரைம் 4' ஸ்விட்ச் 2-ல் இன்னும் ஒரு படி போய், கன்ட்ரோலரைத் தொடைமேலோ மேசைமேலோ சாய்த்து வைத்தால் மவுஸாக வேலை செய்யும்படியும், தூக்கினால் கைரோவுக்கு மாறும்படியும் அமைந்தது. 1978-ன் ஜெராக்ஸ் சோதனையில் முதலில் வந்த கருவி கடைசியில் விண்வெளி வேட்டைக்காரியின் கைக்கே வந்துவிட்டது. பெரிய நிறுவனங்களில் விலகி நிற்பது மைக்ரோசாஃப்ட் ஒன்றுதான். 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் கன்ட்ரோலரிலும் கைரோ இல்லை. கினெக்டில் பட்ட சூடு என்று ஊகிக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்ற கதை அது. கூடத்தில் கோணல் எதுவும் இல்லை.

நம் ஊர் வாசகர் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க 'வீ' தேடி அலைய வேண்டாம். கைப்பேசியில் பிஜிஎம்ஐ என்ற சுடும் கேமை ஆடுபவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். கண்ணாடித் திரையில் இரண்டு கட்டைவிரல்களும் நடக்க, பார்க்க, சுட என்று ஏற்கெனவே தடுமாறுகின்றன; குறிபார்க்கும் விரலே குறியை மறைக்கிறது. அந்த கேமின் அமைப்புகளில் கைரோஸ்கோப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொலைநோக்கி வழியே பார்க்கும்போது மட்டும் என்று ஒரு தேர்வு, எப்போதும் என்று இன்னொன்று. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தைக் குறைவாக வையுங்கள், பெரிய திருப்பங்களைக் கட்டைவிரலுக்கே விட்டுவிட்டுக் கடைசிச் சிறு நகர்வை மட்டும் மணிக்கட்டுக்குக் கொடுங்கள். முதல் சில ஆட்டங்களில் குறி ஊசலாடும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் அணைத்துவிடலாம்.